மூன்றாவது கியரில் நின்ற ஜீப்

அத்தியாயம் நான்கு

துப்பறிவாளன் ரகுராமிடம் தொழிலுக்கு வேண்டிய எல்லாமே இருந்தன. முழங்கால் வரை நீண்ட சாம்பல் நிறக் கோட்டு, மொழிபெயர்ப்பு நாவல்கள் நெருக்கியடித்து நிற்கும் அலமாரி, மழை பெய்தால் ஜன்னலோரம் போய் நின்று பெருமூச்சு விடும் பழக்கம். வழக்குகள் மட்டும்தான் இல்லை.

அவன் படித்த நாவல்களில் துப்பறிவாளனின் ஜன்னலுக்கு வெளியே பனி மூடிய ஆறு ஓடும். இவனுடைய ஜன்னலுக்கு வெளியே பெங்களூரின் சிவாஜிநகர் பஸ் நிலையம். கீழே கறிக்கடை. கட்டையில் கத்தி விழும் சத்தம் மாடி வரை கேட்கும். அதனால் எதிரே உட்காருகிறவர்கள் பொய் சொல்லத் துணிய மாட்டார்கள் என்பது ரகுராமின் கட்சி.

"பொய் சொல்ல மாட்டாங்க, சரி. உண்மைய சொல்லவாச்சும் யாராவது படியேறி வரணும்ல பாஸ்?" என்றாள் அவனுடைய உதவியாளர் விஜி. ஜோகுபாளையத்துப் பெண். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் சண்டை போட்டு, மறுபடி தமிழில் சமாதானமாகிவிடுவாள்.

அந்த வெள்ளிக்கிழமை நிஜமாகவே இரண்டு பேர் படியேறி வந்தார்கள். முன்னால் வந்த அம்மாள் ஜோசஃபின். லிங்கராஜபுரத்தில் சமையல் ஒப்பந்தம் எடுப்பவர். பின்னால் தலையைக் குனிந்தபடி அவருடைய தம்பி ஓஸ்வால்ட்.

"என் தம்பி ஜீப்ப ஒழுங்கா நிறுத்தலைன்னு சொல்றாங்க சார்," என்றார் ஜோசஃபின். "பூசைக்கு லேட்டானாகூட செருப்ப ஜோடியா விட்டுட்டுப் போறவன் சார் இவன்."

கதை இதுதான். ஜோசஃபினிடம் ஒரு பழைய ஜீப்பும், அதன் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் ஒரு டிரெய்லர் சமையலறையும் இருந்தன. இரண்டு சக்கரம், இரண்டு அடுப்பு, ஒரு கூரை. ஹொஸ்கோட்டைத் தாண்டி, கைவிடப்பட்ட ஒரு கல் குவாரியில் ஞாயிறுதோறும் ஜீப்காரர்கள் கூடி, சேற்றிலும் மேட்டிலும் வண்டியேற்றி மகிழ்வார்கள். 'செம்மண் சிங்கங்கள்' என்று தங்களுக்குப் பெயரும் வைத்துக்கொண்டிருந்தார்கள். வாரத்தில் ஐந்து நாள் ஏசி அறையில் கம்ப்யூட்டர் பார்க்கும் சிங்கங்கள். அவர்களுக்குக் காலைச் சாப்பாடு ஜோசஃபின் வீட்டுச் சமையல்.

போன ஞாயிறு ஓஸ்வால்ட் எல்லாருக்கும் முன்பே போய்விட்டான். மேலே சேறாக இருந்ததால் சரிவின் நடுவே, பாறைத் தரையில், மேட்டைப் பார்த்தபடி டிரெய்லரோடு ஜீப்பை நிறுத்தினான். பக்கத்து ஊர் தேவாலயத்தில் பூசைக்குப் போனான். சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டுப் போனான். அது சிங்கங்களின் சட்டம். எந்த வண்டி எப்போது யாருக்கு வழியை மறிக்கும் என்று தெரியாததால் குவாரிக்குள் யாரும் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளக் கூடாது. திரும்பி வந்தபோது டிரெய்லர் கொக்கி கழன்று பள்ளத்தில் கவிழ்ந்து கிடந்தது. ஜீப் ஒரு தைல மரத்தில் முதுகை முட்டிக்கொண்டு நின்றது. அது உருண்டதை யாரும் பார்க்கவில்லை.

"சிங்கங்களுக்குத் தலைவர் பத்ரிநாத்னு ஒருத்தர்," என்றான் ஓஸ்வால்ட். "நாளை மறுநாள் எல்லார் முன்னாடியும் என் கவனக்குறைவுதான்னு ஒத்துக்கணுமாம். ஒத்துக்கலைன்னா, ஆளுங்க கூடுற இடத்துல வண்டிய உருள விட்டேன்னு போலீசுக்குப் போவாராம்."

"ஒத்துக்க வேண்டியதுதானே, ஒரு வார்த்தைதானே," என்றாள் விஜி, கொக்கி போடுவதுபோல.

"திங்கக்கிழமை ஆஸ்பத்திரில ஆம்புலன்ஸ் டிரைவரா சேரணும்கா. அங்க இருக்கிற டாக்டர் ஒருத்தரும் அந்த கிளப்புல இருக்காரு. நிறுத்தின வண்டிய உருள விட்டவன் கையில ஆம்புலன்ஸ் கொடுப்பாங்களா?"

ரகுராம் கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். "நீங்க நிறுத்தினப்போ வண்டி எப்படி இருந்தது?"

"ஃபர்ஸ்ட் கியர்ல போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்துட்டுத்தான் போனேன் சார். திரும்பி வந்து பார்த்தா ஹேண்ட்பிரேக் கீழ கிடக்குது. கியர் மூணுல இருக்குது. கிளட்ச் தீஞ்ச வாசனை வேற. சொன்னா, அவசரத்துல நீயே மாத்திப் போட்டிருப்பேங்கறாங்க."

விஜி நிமிர்ந்தாள். "மூணுலயா? மேட்டுல நிறுத்தினா ஃபர்ஸ்ட்ல போடுவாங்க, இல்ல ரிவர்ஸ்ல போடுவாங்க. மூணு மேட்டுல வண்டிய பிடிச்சு நிறுத்தாது. அதுல எவன் போடுவான்? திருடன்கூட போட மாட்டான்."

ரகுராம் கண்ணை மூடி, "மூணு..." என்றான் மிக ஆழமாக.

அந்த ஆழத்துக்குக் காரணம், மூன்றாவது கியர் எந்தப் பக்கம் இருக்கும் என்று அவனுக்குத் தெரியாததுதான். லைசன்ஸ் வாங்கியது ஆட்டோமேட்டிக் வண்டியில். ஓட்டுவதும் ஆட்டோமேட்டிக் வண்டி. கிளட்சோடு அவனுக்கு முதல் வகுப்பிலேயே மனஸ்தாபம் வந்து, அது இன்றுவரை தீரவில்லை. ஆனால் விஜியை வேலைக்குச் சேர்த்த அன்று, ராணிப்பேட்டையில் லாரி வரை ஓட்டியிருப்பதாகச் சொல்லி வைத்திருந்தான்.

*

சனிக்கிழமை காலை குவாரிக்குப் போனார்கள். ரகுராமின் சின்னக் கார் முன்னால். ஓஸ்வால்ட் பழைய ஜீப்பில் பின்னால்.

"பாஸ், ராணிப்பேட்டைல லாரி ஓட்டின கை, இப்போ கியரே இல்லாத வண்டில சும்மனே உக்காந்திருக்கே. போரடிக்கலயா?"

"பெங்களூர் டிராஃபிக்குக்கு இதுதான் சரி," என்றான் ரகுராம். அவனுடைய இடது கால் எப்போதும்போல வேலை வெட்டி இல்லாமல் ஓரமாகக் கிடந்தது.

அதே பாறைத் தரையில் அதேபோல ஜீப்பை நிறுத்திக் காட்டினான் ஓஸ்வால்ட். ஜீப் கல்லுப்போல நின்றது. விஜி சரிவில் இறங்கி, அடிபட்ட தைல மரத்தைப் பார்க்கப் போனாள். ரகுராம் ஜீப்பின் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தான். குற்றவாளியின் இடத்தில் அமர்ந்து, குற்றவாளியின் மனதோடு யோசிக்க வேண்டும். நாவல்களில் அப்படித்தான் செய்வார்கள்.

பிரேக்கில் கால் வைத்தான். கியர் கம்பை அசைத்தான். அது தொளதொளவென்று நடுவில் வந்து நின்றது. ஹேண்ட்பிரேக்கை இறக்கினான். குற்றவாளியின் மனம் இன்னும் வந்து சேரவில்லை.

"பாஸ், இங்க வாங்க! மரத்துல அடிபட்ட உயரத்தப் பாருங்க!" என்று விஜி கத்தினாள்.

ரகுராம் கம்பை நேராக மேலே தள்ளிவிட்டு இறங்கினான். யோசிக்கவே இல்லை. தன் காரில் தினமும் அப்படித்தான் செய்வான். கம்பை மேலே கடைசி வரை தள்ளினால் பார்க்கிங். அவ்வளவுதான், வண்டி நிற்கும். இறங்கிப் போகலாம்.

ஜீப்பும் நின்றது. அவன் மரத்தடிக்கு வந்து, குனிந்து, பட்டையைத் தடவி, "ம்ம்," என்று சொல்லும் வரைக்கும் நின்றது. பிறகு ஒரு இருமல் கேட்டது. அப்புறம் இன்னொன்று. வயசானவர் படி இறங்குவதுபோல, ஒவ்வொரு அடிக்கும் ஒருமுறை இருமிக்கொண்டு, ஜீப் பின்பக்கமாக இறங்கி வந்துகொண்டிருந்தது.

"அய்யய்யோ சிவனே!" என்று விஜி ரகுராமின் கோட்டைப் பிடித்து இழுத்தாள். ஓஸ்வால்ட் ஓடிப்போய் உள்ளே தாவி பிரேக்கை மிதித்தான். தைல மரத்துக்கு ஒரு முழம் முன்னால் ஜீப் நின்றது. ஓஸ்வால்ட் கியர் கம்பைப் பார்த்தான். அப்புறம் ரகுராமைப் பார்த்தான்.

"சார்... மூணுல இருக்குது சார்."

விஜி மெதுவாக ரகுராமின் பக்கம் திரும்பினாள்.

"பாஸ்," என்றாள் விஜி மிக அன்பாக. "ராணிப்பேட்டைல அந்த லாரி இன்னும் உசுரோட இருக்குதா?"

ரகுராமுக்குக் காது வரை சூடேறியது. ஆனால் அந்தச் சூட்டிலேயே ஏதோ ஒன்று பளிச்சென்று எரிந்தது. நடுவில் நிற்கும் கம்பை நேராக மேலே தள்ளினால் இந்த ஜீப்பில் மூன்றாவது கியர். ஆட்டோமேட்டிக் பழகிய கைக்கு அது பார்க்கிங். பார்க்கிங்கில் போட்டாயிற்று என்று நம்புகிறவன் ஹேண்ட்பிரேக்கைத் தொட மாட்டான்.

"விஜி, இத ஓஸ்வால்ட் பண்ணல. கிளட்ச் ஓட்டத் தெரியாத ஒருத்தன் பண்ணிருக்கான். அவனுக்குத் தெரியாதுங்கறது வெளிய யாருக்கும் தெரியாது."

"பாஸ், நீங்க போன ஞாயித்துக்கிழமை எங்க இருந்தீங்க?" என்றாள் விஜி.

*

ஞாயிற்றுக்கிழமை காலை சிங்கங்கள் கூடியிருந்தன. சேறு பூசிய ஜீப்புகள் வரிசையாக நின்றன. நடுவே, வழக்கமான சண்டை நடந்துகொண்டிருந்தது. மண்ணுக்கும் மேட்டுக்கும் ஆட்டோமேட்டிக்கா, மேனுவலா?

தலைவர் பத்ரிநாத் வேறு யாரோ ஒருவருடைய ஜீப்பில், பக்கத்து இருக்கையிலிருந்து இறங்கினார். அவருடைய வண்டி சர்வீசுக்குப் போயிருந்ததாம். அது அடிக்கடி போகும் என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். யூடியூபில் மேனுவல் வண்டியின் பெருமையைப் பேசியே பெயர் வாங்கியவர் அவர். யார் என்ன சொன்னாலும் அதில் ஒரு பிழை கண்டுபிடிக்காமல் அவரால் மூச்சுவிட முடியாது.

"இறக்கத்துல இறங்கறப்போ மேனுவல் வண்டிய இன்ஜினே பிடிச்சுக்கும்," என்றார் ஒருவர்.

"சின்னத் திருத்தம்," என்றார் பத்ரிநாத். "இன்ஜின் மட்டும் பிடிக்காது. சரியான கியரும் வேணும். கிளட்ச் மிதிக்கத் தெரியாதவனுக்கு மண்ணுல என்ன வேலை?"

"ஏன், எனக்கு வேலை இருக்கே," என்றாள் கூட்டத்திலிருந்த தமயந்தி. சாஃப்ட்வேர் வேலை. கிளப்பில் ஆட்டோமேட்டிக் ஜீப் வைத்திருப்பவள் அவள் ஒருத்திதான். "மேட்டுல பாறை மேல ஏத்தறப்போ உங்க கிளட்ச் தீயும். என் வண்டி மெதுவா, வெண்ணெய் மாதிரி ஏறும். பின்னாடி பைக் டிரெய்லரோட."

ரகுராம் காதைத் தீட்டிக்கொண்டான். ஆட்டோமேட்டிக். ஒரே ஒருத்தி. நாவல்களில் இந்த இடத்தில் துப்பறிவாளன் ஓரடி முன்னால் வைப்பான். வைத்தான்.

"மிஸ் தமயந்தி. போன ஞாயிறு ஜோசஃபின் அம்மாவோட ஜீப்ப நகர்த்தினது நீங்கதானே?"

கூட்டம் தமயந்தி பக்கம் திரும்பியது. ஓரமாக நின்ற ஜோசஃபின் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார். ரகுராம் மூன்றாவது கியரையும் பார்க்கிங்கையும் விளக்கினான். மிக நன்றாக விளக்கினான். தமயந்தி கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள்.

"முடிச்சாச்சா? ஹேண்ட்பிரேக் எப்படி இருந்துச்சு?"

"இறக்கியிருந்தது."

"அப்போ நான் இல்ல. டிரெய்லர் இழுக்கறவ யாரும் பார்க்கிங்க நம்பி இறங்க மாட்டா. மேட்டுல அத்தனை எடையும் கியர்பாக்ஸ்ல போய் உக்காரும். முதல்ல ஹேண்ட்பிரேக், அப்புறம்தான் பி, அதாவது பார்க்கிங். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் என் கை ஹேண்ட்பிரேக்குக்குத்தான் போகும். நீங்க தேடறது ஆட்டோமேட்டிக் ஓட்டற ஆள். ஆனா வாழ்க்கைல எதையும் இழுக்காத ஆள். மால் பார்க்கிங்ல மட்டும் நிறுத்தற ஆள்."

ரகுராம் தன்னைப் பற்றி இவ்வளவு துல்லியமான வர்ணனையை எந்த நாவலிலும் படித்ததில்லை.

"பாஸ், பின்னாடி வாங்க," என்று விஜி கோட்டை இழுத்தாள். "ரிவர்ஸ் எங்க இருக்குனு தெரியும்ல?"

பத்ரிநாத் சிரித்தார். "மிஸ்டர் டிடெக்டிவ், இந்த கிளப்புல வேற யார்கிட்டயும் ஆட்டோமேட்டிக் இல்ல. கம்பை மேல தள்ளினா நின்னுடும்னு நினைக்கிற முட்டாள் இங்க யாரு இருக்கா? ஓஸ்வால்ட், வா. நல்ல பையன் நீ. நடந்தத சொல்லிடு. முடிச்சுக்கலாம்."

ஓஸ்வால்ட் ஓரடி எடுத்து வைத்தான். வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தான். பூசையிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். கூட்டத்தில் கண்ணாடி போட்ட ஒருவர் சங்கடத்தோடு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர்தான் டாக்டராக இருக்க வேண்டும்.

ரகுராமுக்கு அப்போது ஒன்று புரிந்தது. அப்படி ஒரு முட்டாள் இருக்க முடியும் என்பதற்கு உலகத்தில் ஒரே ஒரு சாட்சிதான் உண்டு. அந்தச் சாட்சி கோட்டுப் போட்டுக்கொண்டு இங்கேதான் நிற்கிறது.

"ஒரு நிமிஷம்," என்றான். "அப்படி ஒரு முட்டாள் இருக்கான். நான்தான். எனக்கு கிளட்ச் ஓட்டத் தெரியாது. எப்பவுமே தெரியாது. ராணிப்பேட்டைல நான் சைக்கிள்தான் ஓட்டினேன். நேத்து இதே ஜீப்ப, இதே இடத்துல, பார்க்கிங்ல போடறதா நினைச்சு மூணுல போட்டேன். இப்போ பாருங்க."

விடுவிடுவென்று சரிவில் ஏறினான். ஓஸ்வால்ட் காலையில் அதே பாறைத் தரையில் ஜீப்பை நிறுத்தி வைத்திருந்தான். ரகுராம் ஏறி, பிரேக்கை மிதித்து, கம்பை நடுவில் இழுத்து, ஹேண்ட்பிரேக்கை இறக்கி, கம்பை நேராக மேலே தள்ளிவிட்டு இறங்கினான். கையை விரித்து நின்றான்.

ஜீப் அசையவில்லை.

காத்திருந்தான். சிங்கங்களும் காத்திருந்தன. ஒரு மைனா வந்து பானெட்டில் உட்கார்ந்து, பார்த்துவிட்டுப் போனது. ஜீப் அப்படியே நின்றது.

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லாருமே சிரித்தார்கள். இத்தனை நாள் காப்பாற்றிய ரகசியம் ஒரு பலனும் இல்லாமல் காற்றில் போனதை ரகுராம் கோட்டுக்குள் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தான்.

"சும்மா கதை," என்றார் ஒருவர். "மூணுலயும் நிக்குது பாருங்க. போறதா இருந்தா காலை எடுத்ததுமே போயிருக்கும்."

"சின்னத் திருத்தம்," என்றார் பத்ரிநாத், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "உடனே போகாது. முதல்ல நல்லா நிக்கும். நின்னுடுச்சுன்னு நம்பி, அதோ மேட்டோரமா இருக்கற அந்த வட்டப்பாறை வரைக்கும் நடந்து போயிடலாம். அதுக்கப்புறம்தான் லொக்கு லொக்குனு இருமிக்கிட்டே இறங்கும்."

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

"சார்," என்றாள் விஜி. மரியாதையான குரல். அவள் அப்படிப் பேசினால் ஆபத்து என்று ரகுராமுக்குத் தெரியும். "ஜீப் இருமும்னு எங்க மூணு பேருக்குத்தான் தெரியும். நாங்க யார்கிட்டயும் சொல்லல. அது உருண்டத யாரும் பார்க்கவும் இல்ல. நீங்க எதுக்கு சார் வட்டப்பாறைக்குப் போனீங்க?"

பத்ரிநாத் வாயைத் திறந்தார். திருத்தம் எதுவும் வரவில்லை.

விஜி ஜீப்பின் அந்தப் பக்கம் போனாள். புல்லோடு சேர்ந்து மறைந்திருந்த ஒரு கல்லைப் பின்சக்கரத்திலிருந்து உருவினாள். "காலைல நான்தான் வச்சேன் பாஸ். உங்க உசுரு முக்கியம். சம்பளம் யாரு கொடுப்பா?"

அவள் கல்லைக் கீழே போடுவதற்குள் ஜீப் தொண்டையைச் செருமியது. அப்புறம் இருமியது. ஓஸ்வால்ட் ஓடிப்போய் ஏறி நிறுத்தினான்.

பத்ரிநாத் பக்கத்திலிருந்த கல்லில் உட்கார்ந்தார். "வீடியோக்கு," என்றார். "மேனுவல் ஜீப், பின்னாடி டிரெய்லர், மேடு. நல்லா இருக்கும்னு நினைச்சேன். அன்னிக்கு சீக்கிரமே வந்துட்டேன், யாரும் இல்ல. சாவி இருந்துச்சு. நாலடி போறதுக்குள்ள தீஞ்ச வாசனை, ஆஃப் ஆயிடுச்சு. வட்டப்பாறை மேல கேமரா வச்சிருந்தேன். கம்பை மேல தள்ளிட்டு அத எடுக்கப் போனேன்." தலையைக் குனிந்தார். "வீட்ல இருக்கறது ஆட்டோமேட்டிக். ரெண்டு லட்சம் பேர் என்னப் பார்த்து கிளட்ச் கத்துக்கறாங்க. எப்படிங்க சொல்றது?"

ரகுராமுக்கு அவர்மேல் கோபம் வர வேண்டிய இடம். வந்ததும் கோபம்தான். ஆனால் கூடவே, நெரிசலில் சொந்த ஊர்க்காரரைப் பார்த்துவிட்டதுபோல ஏதோ ஒன்றும் வந்து தொலைத்தது.

"சொல்லிடலாம் சார். நான் இப்போதான் சொன்னேன். கொஞ்ச நேரம் சிரிப்பாங்க. அப்புறம் டீ கொடுப்பாங்க."

"அத முதல்ல என் தம்பிகிட்ட சொல்லுங்க," என்றார் ஜோசஃபின். "அப்புறம் அதோ, அந்த டாக்டர்கிட்ட. அதுக்கப்புறம் என் டிரெய்லரைப் பத்திப் பேசலாம்."

பத்ரிநாத் எழுந்து போய்ச் சொன்னார். அதே வரிசையில்.

*

மறுநாள் மாலை மழை. ரகுராம் ஜன்னலோரம் நின்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தான். மேஜையில் ஜோசஃபின் கொடுத்தனுப்பிய மட்டன் பிரியாணி. விஜி சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்:

"யோசிச்சா ஒண்ணுதான் பாஸ். இந்த கேஸ்ல நீங்க எதையும் கண்டுபிடிக்கல. ஒருமுறை தப்பு பண்ணினீங்க, ஒருமுறை தப்பான ஆளைச் சொன்னீங்க, ஒருமுறை தோத்துப்போனீங்க. மூணும் சேர்ந்து கேஸ் முடிஞ்சிடுச்சு."

"முறைன்னு ஒண்ணு இருக்கு விஜி."

"இருக்குது. அத எவனும் காப்பி அடிக்க முடியாது."

படியில் தயங்கித் தயங்கி யாரோ ஏறி வரும் சத்தம். ஓஸ்வால்ட். ஆஸ்பத்திரியின் நீலச் சட்டை. முகத்தில் மட்டும் கவலை.

"என்னப்பா, வேலை கிடைச்சிடுச்சுல்ல?" என்று பதறினாள் விஜி.

"கிடைச்சிடுச்சுகா. புது ஆம்புலன்ஸ்." அவன் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "ஆட்டோமேட்டிக் சார். அத நான் தொட்டதே இல்ல. இன்னிக்கு நகர்த்திப் பார்க்கச் சொன்னாங்க. கிளட்ச்னு நினைச்சு இடது காலால ஓங்கி மிதிச்சேன். அது பிரேக்கு. டாக்டரோட கண்ணாடி டேஷ்போர்டுல போய் விழுந்துச்சு. நாளைக்கு எனக்கு டியூட்டி சார். யார்கிட்டயும் கேட்க வெக்கமா இருக்குது."

விஜி பிரியாணிப் பொட்டலத்தைக் கீழே வைத்தாள். சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பதற்காக உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ரகுராம் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினான். கார் சாவியை எடுத்தான். வாழ்க்கையில் முதல்முறையாக அவனுக்கு ஒரு விஷயம் முழுசாகத் தெரிந்திருந்தது.

"வா. முதல்ல அந்த இடது காலை மறந்துடு," என்றான் படியிறங்கிக்கொண்டே. "அப்புறம், எங்க நிறுத்தினாலும் சரி, பி-ல போடறதுக்கு முன்னாடி..."

"ஹேண்ட்பிரேக்," என்றாள் விஜி மாடியிலிருந்து. கீழே கட்டையில் கத்தி 'தட்' என்று விழுந்தது.